பிரிவு நான்கு

பாடாங் செராய் பாலாய் ராயாவில்
ஒரு காற்றாடி சுற்றும், ஒன்று சுற்றாது.
சுற்றாததற்குக் கீழே உட்கார்ந்து
கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்.
வந்தவர் பதினொருவர்.
மைலோ ஆறிக்கொண்டிருக்கிறது.

காப்புறுதி மசோதா வரைவு, பிரிவு நான்கு:
ஆட்டிசம் உள்ள பிள்ளையின்
பேச்சுப் பயிற்சிக்கும் கைப்பயிற்சிக்கும்
நிறுவனமே பணம் கட்டவேண்டும்,
பதினெட்டு வயது நிறையும் வரை.

அந்த ‘வரை’யில் வந்து
கூட்டம் நின்றுவிட்டது.

“இதையாவது வாங்கிக்கொள்வோம்” என்றார் புஷ்பலீலா.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
பசியாறாமல் வந்திருந்தார்.
பட்டர்வொர்த்துக்குப் போய்வரும் கார் வாடகை,
ஒரு மணி நேரப் பயிற்சி,
எல்லாம் சேர்த்து நூற்று எண்பது வெள்ளி.
மகளுக்கு ஆறு வயது.
“திறந்த கதவில் காலை வைப்போம்.
மற்றதை உள்ளே போய்த் திறக்கலாம்.”

“உள்ளே போனவர்கள் திரும்பி வந்து திறந்ததை
எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?”
தனசீலன் சத்தம் போட்டுக் கேட்கவில்லை.
செம்பனை லோரி ஓட்டுபவர்.
இந்தச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.
மகன் யுகேந்திரனுக்குப் பத்தொன்பது.
அவன் சன்னலோரம் நின்று
சாலையில் போகிற லோரிகளின் எண்களை
ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

நிலவரசி டீச்சருக்கு வேறு வழக்கு.
“தாளில் ஏழு இடத்தில் நோய் நோய் என்றிருக்கிறது.
என் பிள்ளை நோயாளி இல்லை.”
“நோய் என்று எழுதாவிட்டால் காசு வராது டீச்சர்.”
“எழுதினால் எனக்குச் சோறு இறங்காது.”

கருத்து வேறுபாடு இருந்தது
என்று மூன்றே சொல்லில் எழுதிவிட்டேன்.
எழுதாமல் விட்டது:
போன வருஷம் புஷ்பலீலாவின் மகள்
செம்பனைக் காட்டுக்குள் ஓடிய இரவில்
சாலையோரம் லோரியை நிறுத்திவிட்டு
விடியற்காலை மூன்று மணிவரை
டார்ச் அடித்துத் தேடியவர் தனசீலன்.
கண்டுபிடித்ததும் அவரே.
இப்போது அந்த இருவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கை தூக்கினோம். ஏழுக்கு நான்கு.
ஏழில் என் கையும் உண்டு.
தனசீலன் சங்க முத்திரையைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு,
மகன் கடைசி எண்ணைச் சொல்லி முடிக்கும்வரை
காத்திருந்து கூட்டிப் போனார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.
லோரிச் சக்கரத்துச் செம்மண்ணைக்
குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.
புதன்கிழமை ஒய்பி வருகிறார்,
முத்திரை இல்லாமல் கடிதம் கொடுக்க முடியாது என்றேன்.
கையைத் துடைத்துவிட்டு எடுத்துத் தந்தார்.
“உங்கள் பையனுக்கு வேண்டும். தெரியும்.”
மைப்பெட்டியைத் தரவில்லை.
மறந்தாரா என்று எனக்குத் தெரியாது.
கேட்கவும் வாய் வரவில்லை.

வீட்டில் என் மகன் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டான்.
மேசையில், சுவரில், தன் முழங்காலில்,
நான் எழுதிய குறிப்பின் மேல்
மையில்லாமல் அழுத்துகிறான்.
தக். தக். தக்.
அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருக்கிறது.
ஐந்து வயது.
பதினெட்டில் ஐந்து போனால் பதின்மூன்று.
இன்று நட்ட செம்பனை
அரிவாளுக்கு எட்டாத உயரம் போக
அதைவிடக் கூட நாளாகும்.

தாளை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வட்டம் வட்டமாகப் பள்ளம்,
சங்கத்தின் பெயர் படிக்கவே முடியவில்லை.
ஆ ஹோங் கடை ஒன்பதரைக்குத் திறக்கும்.
மை மூன்று வெள்ளியோ நாலோ.
தக், என்கிறது மறுபடியும்
என் கையெழுத்துக்குப் பக்கத்தில்.